சூடு ஆறினால் ஓடும் வண்டி

சரக்கு ஏற்றிக்கொண்டு நன்றாக ஓடிவந்த பிக்அப் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. டிரைவர் பானெட்டைத் தூக்கி நாலு ஒயரை ஆட்டிப் பார்க்கிறார். ஒன்றும் தேறவில்லை. ஓரமாகப் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அரை மணி கழித்து வந்து சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே எந்தக் கோளாறும் காட்டாமல் ஓடுகிறது.

பழைய வண்டி வைத்திருக்கும் யாரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள். “சூடாயிடுச்சு, ஆறினதும் ஓடுது” என்பதுதான் வழக்கமான விளக்கம். அது தப்பில்லை, ஆனால் பாதியில் நிற்கிறது. சூடு எதைக் கெடுத்தது? ஆறியதும் எது சரியானது? உடைந்துபோன ஒரு பாகம் ஆறியதால் மட்டும் ஒட்டிக்கொள்ளாதே. அப்படியானால் உடைந்தது எதுவுமே இல்லையா? எதுவும் உடையாமல் ஒரு வண்டி எப்படி நிற்கும்?

இந்த அத்தியாயம் அந்த ஒரு கேள்வியைத்தான் துரத்தப் போகிறது. காமன் ரெயில், கம்ப்யூட்டர் எல்லாம் வருவதற்கு முந்தைய டீசல் பிக்அப்களைப் பற்றியே பேசப் போகிறோம். அவை இன்றும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், வைக்கோல், காய்கறி என்று எதையாவது சுமந்துகொண்டு ஓடுகின்றன. அவற்றில் கோளாறைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் ஒழுங்கான யோசனை, இவ்வளவு போதும்.

தீப்பொறி இல்லாத என்ஜின்

பெட்ரோல் என்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் என்ஜினில் அது கிடையாது. 1858இல் பாரிஸில் பிறந்த ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர், காற்றைப் போதுமான அளவு நெருக்கினாலே அது எரிபொருளைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாகும் என்ற எண்ணத்துக்கு 1893இல் காப்புரிமை பெற்றார். நான்கு வருடம் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் போராடி, 1897இல் ஒழுங்காக ஓடும் என்ஜினைக் காட்டினார்.

நமது பிக்அப்பிலும் அதுதான் நடக்கிறது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அந்த நேரத்தில் நாசில் வழியாக டீசல் பனிபோல் தெறிக்கிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரி சூடு இருந்தாலே போதும், அதனால் உடனே எரிகிறது.

காற்றைவிட அதிகமான அழுத்தத்தில் டீசலைத் துல்லியமாக அளந்து தள்ளுவதுதான் இதில் கடினமான வேலை. ராபர்ட் போஷ் நிறுவனம் 1927இல் அதற்கான பம்பைத் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் என்ஜின் லாரிக்குள் பரவலாக நுழைந்தது. இந்தியாவில் 1951இல் அந்த நிறுவனத்தின் தொடர்போடு மைக்கோ தொடங்கியது. 2008இல் பெயரைப் போஷ் என்று மாற்றிக்கொண்டாலும், நம் பட்டறைகளில் இன்றும் பலருக்கு அது மைக்கோ பம்புதான்.

ஆக, டீசல் என்ஜினுக்கு மூன்று போதும்: காற்று, அதை நெருக்கும் அளவுக்குச் சுற்று, சரியான நேரத்தில் டீசல். மின்சாரம் இந்தப் பட்டியலிலேயே இல்லை. செல்ஃப் அடிக்க மட்டும் பேட்டரி வேண்டும். ஒருமுறை ஓடத் தொடங்கினால் பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் இந்த மாதிரி என்ஜின் ஓட வேண்டும். (அப்படிச் செய்து பார்க்காதீர்கள், ஆல்டர்னேட்டர் போய்விடும்.) பிறகு எப்படி அது சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கிறது?

ஒரே ஒரு ஒயர்

மின்சாரமே வேண்டாத என்ஜினைச் சாவியால் எப்படி நிறுத்துவது? மிகப் பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் ஒரு ஸ்டாப்பர் கம்பி இருக்கும். அதை இழுத்தால் பம்புக்குள் டீசல் வெட்டப்படும். பிறகு வந்த ரோட்டரி பம்ப் வண்டிகளில் அந்தக் கம்பிக்குப் பதில் பம்பின் மீதே கட்டைவிரல் பருமனில் ஒரு சோலனாய்டு உட்கார்ந்திருக்கும். செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்த சுருள் அது. பள்ளிப் பாடநூலில் வரிச்சுருள் என்று படித்திருப்போம். மின்சாரம் பாயும்போது அது காந்தமாகி, உள்ளே இருக்கும் சிறிய இரும்புத் தண்டை மேலே இழுக்கும், டீசலுக்கு வழி திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தண்டைக் கீழே தள்ளி வழியை மூடும்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் என்ஜின் பக்கம் மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்கிறதே, அது இந்தத் தண்டு மேலே ஏறும் சத்தம்.

மின்சாரம் போனால் வழி மூட வேண்டும் என்று வடிவமைத்ததில் நல்ல காரணம் இருக்கிறது. விபத்தில் ஒயர் அறுந்தால் என்ஜின் நிற்கட்டும் என்பதற்காக அது. ஆனால் அதன் விளைவாக, மின்சாரமே தேவைப்படாத ஒரு என்ஜினின் உயிர் ஒரே ஒரு ஒயரில் தொங்குகிறது.

இந்தத் தண்டின் குணத்தில் இன்னொரு முக்கியமான விஷயம் உண்டு. கீழே கிடக்கும் தண்டை மேலே இழுக்க நிறைய விசை வேண்டும். மேலே ஒட்டிக்கொண்ட பிறகு பிடித்து வைத்திருக்கக் கொஞ்சம் போதும். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும்போது இழுவிசை மளமளவென்று குறைந்துவிடும், அதுதான் காரணம். ஆகவே பலவீனமான மின்சாரத்தில் வண்டி நாள் முழுக்க ஓடலாம். ஒருமுறை நின்றால் மட்டும் மறுபடி எழாது.

எப்படி நின்றது?

அனுபவமுள்ள மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டிரைவரைத்தான் கேட்பார்.

“எப்படிண்ணா நின்னுச்சு? தத்தித் தத்தி நின்னுச்சா, சட்டுனு நின்னுச்சா?”

“சாவியப் புடுங்கினா மாரி நின்னுட்ச்சுப்பா.”

“அதுக்கு முன்னாடி இழுவை குறைஞ்சுதா? மேட்டுல திணறுச்சா?”

“இல்லியே. நல்லாத்தான் வந்தேன்.”

இந்த நாலு வரியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. டீசல் வருவது குறைந்து நிற்கும் வண்டி, நிற்பதற்கு முன் திணறும். இழுவை குறையும், ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கும், பிறகுதான் அணையும். ஃபில்டரிலும் குழாயிலும் பம்பிலும் மிச்சம் இருக்கும் டீசல் தீர நேரம் ஆகும் அல்லவா? மின்சாரம் போய் நிற்கும் வண்டிக்கு அப்படி மிச்சம் எதுவும் இல்லை. ஒரு கணம் ஓடும், அடுத்த கணம் ஓடாது.

விதிவிலக்கு ஒன்றை மறக்கக் கூடாது. சட்டென்று நின்ற பிறகு செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, பாரமே இல்லாததுபோல் விர்ரென்று சுற்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் அது அறுந்திருக்கலாம். மேலும் மேலும் செல்ஃப் அடித்தால் வால்வும் பிஸ்டனும் மோதிச் செலவு பல மடங்காகும்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்ற வண்டி

பட்டறைகளில் அடிக்கடி வரும் கோளாறுகளைச் சேர்த்து ஒரு வண்டியாக எடுத்துக்கொள்வோம். பதினைந்து வருடம் ஓடிய டீசல் பிக்அப். சென்னைப் பெரியமேட்டில் உப்புப் போட்ட தோல் ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குக் கிளம்பியிருக்கிறது. மே மாதம், நடுப்பகல். காஞ்சிபுரம், வாலாஜா, வேலூர் தாண்டி, பாலாற்றை ஒட்டிய சமவெளியில் தேசிய நெடுஞ்சாலை 48இல் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு வருகிறது. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தொடுவது அந்த மாதத்தில் அதிசயமில்லை. பானெட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம்.

டோல்கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வரிசையாகப் போட்ட தடிப்புக் கோடுகள் மேல் வண்டி தடதடவென்று ஏறி இறங்குகிறது. கிளட்ச் மிதித்து, என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் அணைகிறது. செல்ஃப் சுற்றுகிறது, சற்று மந்தமாக. என்ஜின் பிடிக்கவில்லை. நான்கு பேர் தள்ளி ஓரம் கட்டுகிறார்கள். அரை மணி கழித்து ஓடுகிறது.

இந்த வண்டிக்கு முன்கதை ஒன்று உண்டு. போன தடவை இப்படி நின்றபோது புது பேட்டரி மாட்டினார்கள். ஒரு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு மறுபடி நின்றது. பம்பைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பினார்கள், பெரிய செலவு. அதற்குப் பிறகும் நின்றது.

இந்த முன்கதை எனக்கு வேதனை தருகிறது, ஏனென்றால் இது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு நடை அடித்து அதில் தவணை கட்டுகிறவர், குற்றமே செய்யாத பாகங்களுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பாதி பாதியாக

நூறு இடத்தில் எங்கோ ஒரு இடத்தில் கோளாறு என்றால், ஒன்றொன்றாகப் பார்க்க நூறு சோதனை ஆகலாம். நடுவில் வெட்டி, ‘இந்தப் பக்கமா அந்தப் பக்கமா’ என்று கேட்டால் ஏழு கேள்வியில் முடிந்துவிடும். கோளாறு கண்டுபிடிக்கும் கலை முழுவதும், எங்கே வெட்டுவது என்று தெரிவதில் இருக்கிறது.

டீசல் வண்டியில் முதல் வெட்டுக்குக் கண்ணே போதும். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் சைலன்சரைப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். நெருக்கமோ சுற்றோ போதவில்லை. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. நமது வண்டியில் புகை இல்லை.

இரண்டாவது வெட்டு, டீசல் வரும் பாதையின் நடுவில். பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் நட்டைத் தளர்த்தி, ஃபில்டர் மேல் இருக்கும் ஹேண்ட் பம்பை அமுக்குகிறார் மெக்கானிக். டீசல் நுரையில்லாமல் கண்ணாடிபோல் வழிகிறது. டேங்க், குழாய், ஃபில்டர் மூன்றும் நன்றாக இருக்கின்றன. அதை இறுக்கிவிட்டு நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிக்கச் சொல்கிறார். அங்கே ஒரு சொட்டும் இல்லை. பம்புக்குள் நுழைகிறது, வெளியே வரவில்லை. வழி மூடியிருக்கிறது.

(இந்த இடத்தில் கையை வைக்கவே கூடாது. நாசில் திறக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தின தடம்தான் தெரியும், உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம்.)

மூன்றாவது வெட்டு காதால். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் ‘டிக்’ கேட்கிறதா? கேட்கவில்லை. பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு பியூஸ் வைத்த ஒயரை நேராகச் சோலனாய்டின் முனையில் தொடுகிறார். ‘டிக்.’ செல்ஃப் அடித்தால் என்ஜின் பிடிக்கிறது.

சோலனாய்டு சாகவில்லை, பம்ப் சாகவில்லை. சாவி வழியாக வரும்போது மட்டும் போதவில்லை. சரி, ஆறினால் ஏன் அதே சாவி, அதே ஒயர் போதுமானதாகிறது?

ஈரத்துணி சொல்லும் சாட்சி

அம்பாசடர் ஓட்டிய பழைய டிரைவர்களுக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். கோடையில் கார் நின்றால் ஒரு துணியை நனைத்து ஃபியூல் பம்ப் மேல் சுற்றுவார்கள். அது சரியான வைத்தியம். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கும். பம்புக்குள் திரவத்துக்குப் பதில் ஆவி நிரம்பினால் பம்ப் வெறும் ஆவியை நெருக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. இதை ஆவியடைப்பு என்று சொல்லலாம். துணி ஈரம் ஆவியாகும்போது பம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், ஆவி மறுபடி பெட்ரோலாகும்.

டீசல் பிக்அப்பிலும் சிலர் பம்ப் மேல் ஈரத்துணி போடுகிறார்கள். பல தடவை அதுவும் பலிக்கிறது. இங்கேதான் கவனிக்க வேண்டும். டீசல் கொதிக்க ஏறத்தாழ 180 டிகிரி ஆக வேண்டும். பானெட்டுக்குள் அவ்வளவு சூடு வராது. ஆகவே டீசலில் ஆவியடைப்பு காரணமாக இருக்க முடியாது. வைத்தியம் பலித்தால், அந்தத் துணி வேறு எதையோ குளிரவைத்திருக்கிறது. பம்பின் மேல் உட்கார்ந்திருப்பது யார்? அந்தச் செம்புச் சுருள்.

செம்பு சூடாகச் சூடாக மின்சாரத்தை அதிகம் தடுக்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. 30 டிகிரியில் இருந்த சுருள் 100 டிகிரிக்குப் போனால் தடை 27 சதவீதம் கூடிவிடும். அதே காந்த விசை வேண்டுமானால் அதே அளவு மின்னோட்டம் வேண்டும், அதற்கு 27 சதவீதம் கூடுதலான வோல்ட் வேண்டும்.

இப்போது நமது வண்டிக்குக் கணக்குப் போடலாம். பழைய சோலனாய்டு, தண்டில் பிசுக்குப் படிந்திருக்கிறது. காலையில் 30 டிகிரியில் தண்டை மேலே இழுக்க 9 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகலில் 100 டிகிரியில் அதற்கு 11.4 வோல்ட் வேண்டும்.

நன்றாக நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இந்த வண்டியின் பேட்டரி சரியாக நிரம்பாமல் 12.0இல் நிற்கிறது. சோலனாய்டுக்குப் போகும் ஒயரின் முனையில் உள்ள லக் என்ற இணைப்பு வளையம் தளர்ந்து, பாசி நிறத்தில் பூத்திருக்கிறது. அங்கே 0.8 வோல்ட் வீணாகிறது. சுருளுக்குக் கிடைப்பது 11.2. தேவை 11.4. தண்டு அசையாது.

இந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். லக் மட்டும் மோசம், பேட்டரி முழுசு என்றால் 11.8 கிடைக்கும், வண்டி எடுக்கும். பேட்டரி மட்டும் குறைவு, லக் சுத்தம் என்றால் 12.0 கிடைக்கும், அப்போதும் எடுக்கும். இரண்டும் சேர்ந்தாலும் காலைக் குளிரில் 9 வோல்ட்டே போதும் என்பதால் எடுக்கும். லக், பேட்டரி, வெயில் மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால்தான் நிற்கும். ஈரத்துணி சுற்றிச் சுருள் 60 டிகிரிக்கு இறங்கினால் தேவை 10.1 ஆகக் குறையும். கையில் இருக்கும் 11.2 தாராளம்.

உடைந்தது எதுவுமில்லை என்று தொடக்கத்தில் சந்தேகப்பட்டோமே, அது உண்மைதான். பட்டறையில் ஆறிய வண்டியைச் சோதித்தால் எல்லாப் பாகமும் தேர்வில் தேறும். தேறாதது அவை மூன்றும் சேர்ந்த கூட்டு. புது பேட்டரி ஒரு மாதம் காப்பாற்றியதும் இதனால்தான். கடையிலிருந்து முழுதாக நிரம்பி வந்தது, பிறகு நாளாக நாளாக அதுவும் 12.0க்கு இறங்கியது.

வண்டி ஏன் நின்றது என்பதும் இப்போது தெரிகிறது. தடிப்புக் கோடுகளின் அதிர்வில் தளர்ந்த லக் ஒரு நொடி தொடர்பை விட்டது. தண்டு விழுந்தது. என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்ததால் உடனே அணைந்துவிட்டது. விழுந்ததைத் தூக்க வலு இல்லை.

அவசரமாக இருக்கும்போது சாவியை ஒரே திருப்பாகச் செல்ஃப் வரைக்கும் கொண்டுபோவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது பேட்டரி 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும், அந்த நேரத்தில் தண்டு எழ வழியே இல்லை. ஆன் நிலையில் ஒரு மூச்சு நிறுத்தி, ‘டிக்’ கேட்டபிறகு செல்ஃப் அடிப்பது நல்ல பழக்கம்.

உப்பு என்ன செய்கிறது

பேட்டரி ஏன் நிரம்பவில்லை? இங்கேதான் இந்த வட்டாரம் கதைக்குள் வருகிறது.

உரித்த தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் 40 முதல் 50 சதவீதம் உப்புப் போடுவார்கள். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த உப்பைக் குறைக்க வருடக்கணக்காக வழி தேடிவருகிறது. ஏனென்றால் தோல் கழுவிய தண்ணீரோடு வெளியேறும் உப்பு மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது. பாலாற்றுப் படுகையின் அந்தத் துயரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பு வந்தது.

அதே உப்பு வண்டிக்கும் வேலை வைக்கிறது. தோலிலிருந்து சொட்டும் உப்புநீர், சரக்குத் தொட்டியின் இடுக்கு வழியாகச் சேசிஸில் இறங்குகிறது. நமது வண்டியில் பேட்டரிப் பெட்டி கேபினுக்குப் பின்னால், தொட்டிக்கு அடியில் சேசிஸ் ஓரமாக இருக்கிறது. பேட்டரியின் மைனஸ் கேபிள் அங்கேயே ஒரு போல்ட்டில் சேசிஸோடு சேர்கிறது. பட்டறை மொழியில் எர்த். பகல் வெயிலில் அந்த இடத்தில் வெள்ளைப் பொடிதான் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரம் இழுத்து நீராகிவிடும். மழைக்காலத்திலும் விடியற்காலையிலும் அது நடந்துகொண்டே இருக்கும்.

செம்பு லக், இரும்புச் சேசிஸ், நடுவே உப்புநீர். இரண்டு வெவ்வேறு உலோகமும் உப்புக் கரைசலும் சேர்ந்தால் அது ஒரு சின்ன மின்கலம். அதில் இரும்புதான் கரைந்து துருவாகும். இதை மின்வேதி அரிப்பு என்போம். துரு, அது உருவான இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது. போல்ட் இறுக்கமாகவே இருக்கும், வெளியே பெயின்ட்கூட இருக்கும், லக்குக்கு அடியில் மட்டும் துருப் படலம் பரவியிருக்கும்.

ஆல்டர்னேட்டர் என்ஜினில் இருக்கிறது. அது பேட்டரிக்கு அனுப்பும் மின்சாரம் இந்த எர்த் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அங்கே கொஞ்சம் வோல்ட் குறைகிறது, பேட்டரி ஒருநாளும் முழுசாக நிரம்புவதில்லை. செல்ஃப் மந்தமாகச் சுற்றியதற்கும் இதுவே காரணம்.

லக் தளர்ந்ததற்கு உப்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து வருட அதிர்வும் சூடும் போதும்.

மீட்டரை எங்கே வைப்பது

இந்த எர்த் கோளாறை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் வைத்துப் பார்த்தால் சுழியம் காட்டும். “எர்த் நல்லா இருக்கு” என்று விட்டுவிடுவார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் தப்பு. சாதாரண மீட்டரின் மிகச் சிறிய படி 0.1 ஓம். நமது கோளாறு 0.01 ஓம்தான். மீட்டரின் கண்ணுக்கே அது தெரியாது. ஆனால் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது அந்த நூறில் ஒரு பங்கு ஓம் 2 வோல்ட்டை விழுங்கிவிடும்.

ஆகவே மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், வோல்ட் நிலையில். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் முனையில், கேபிள் லக்கில் அல்ல, ஈயக் குமிழிலேயே. இன்னொரு முனை என்ஜினின் வெற்று உலோகத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. நமது வண்டியில் 2.0. முனையை என்ஜினிலிருந்து சேசிஸுக்கு மாற்றினாலும் அதே 2.0. சேசிஸிலிருந்து கேபிள் லக்குக்கு மாற்றினால் ஒன்றுமில்லை. போல்ட் மாட்டிக்கொண்டது.

பிளஸ் பக்கத்துக்கும் இதே முறை. சாவியை ஆன் செய்து, ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மற்றது சோலனாய்டின் திருகு முனையில். 0.8 வோல்ட். மீட்டர் முனையை லக்குக்கு முன்னால் ஒயர் மேல் வைத்தால் கிட்டத்தட்ட சுழியம். இழப்பு முழுக்க லக்கில்.

வேலை இனிமேல்தான் எளிது. போல்ட்டைக் கழற்றி, லக்கையும் சேசிஸையும் பளிச்சென்று வெற்று உலோகம் தெரியும்வரை உப்புக்காகிதத்தால் தேய்த்து, இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் பூச வேண்டும். பெயின்டோ துருவோ நடுவில் இருக்கக் கூடாது. சோலனாய்டு லக்கை வெட்டிப் புதியது அமுக்கி மாட்டலாம். உப்புத் தோல் ஏற்றும் வண்டியில் தொட்டிக்குத் தடிமனான பாலித்தீன் விரிப்பதும், இறக்கியதும் நல்ல தண்ணீரில் சேசிஸைக் கழுவுவதும் பேட்டரி மாற்றுவதைவிட மலிவு.

தத்தித் தத்தி நிற்கும் வண்டி

அந்த முதல் கேள்விக்கு டிரைவர் “திணறித்தான் நின்னுச்சு” என்று சொல்லியிருந்தால் பாதையே வேறு. அப்போதும் அரை மணி கழித்து ஓடும் அதிசயம் நடக்கலாம், ஆனால் சூட்டுக்கு அதில் வேலை இல்லை.

டேங்குக்குள் துருத்தூளும் குப்பையும் இருந்தால், என்ஜின் டீசலை உறிஞ்சும்போது அவை உறிஞ்சு குழாயின் சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதை அடைபட்டு வண்டி நிற்கும். உறிஞ்சுதல் நின்றதும் குப்பை மெதுவாக விழுந்து கீழே படியும். அரை மணியில் வழி சுத்தம். வண்டி ஓடும், பத்து கிலோமீட்டரில் மறுபடி நிற்கும். டேங்க் மூடியில் காற்று நுழையும் துளை அடைபட்டாலும் கிட்டத்தட்ட இதே நாடகம்தான். நின்ற உடனே மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும், அதுவே விடை.

மூன்றாவது காரணம், உறிஞ்சு பக்கத்து ரப்பர்க் குழாயில் விரிசல். கீறல் விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் வாய்க்குக் காற்றுதான் வரும். இங்கேயும் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே கசியும். கீழே ஒரு சொட்டும் தெரியாததால் குழாயை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். டீசலை நெருக்க முடியாது, காற்றை நெருக்க முடியும். பம்ப் தள்ளுவதெல்லாம் காற்றுக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகி, நாசில் திறக்கும் அழுத்தம் வராது. ஃபில்டர் திருகைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் வரும்வரை ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால் வண்டி ஓடும். விரிசல் அப்படியே இருந்தால் மறுநாளும் ஏர் எடுக்க வேண்டியிருக்கும்.

பழைய ரப்பர் எரிபொருளின் தன்மை மாறினாலும் சுருங்கும். 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் அறிமுகமானபோது பழைய பம்புகளின் சீல்கள் சுருங்கிக் கசிந்த புகார்கள் நிறைய வந்தன. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததிலிருந்து நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதும் கந்தகம் மிகக் குறைந்த டீசல்தான். காற்றுக்கு அது நல்லது. பதினைந்து வருடப் பழைய ஓரிங்குகளையும் குழாய்களையும் ஒருமுறை மாற்றிவிடுவது வண்டிக்கு நல்லது.

நின்ற அந்த அரை மணி

சூட்டில் நிற்கும் வண்டி, சூடாக இருக்கும்போது மட்டும்தான் உண்மையைச் சொல்லும். ஆறவிட்டுப் பட்டறைக்கு ஓட்டிப்போனால் தடயம் அழிந்துவிடுகிறது. ஆகவே நின்ற இடத்திலேயே, டீக்குப் போவதற்கு முன், செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் உயிர். வண்டியை இடதுபக்க ஓரத்துக்குத் தள்ளி, நாலு இண்டிகேட்டரையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் வைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033க்கு அழைத்தால் உதவி வண்டி வரும். ஓடும் வாகனங்கள் பக்கம் நின்று எதையும் கழற்ற வேண்டாம்.

அதன் பிறகு சாவியை ஆன் செய்து ‘டிக்’ கேட்கிறதா என்று பாருங்கள். டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது பின்னால் புகை வருகிறதா, செல்ஃப் மந்தமா, வழக்கம்போலா, விர்ரென்று ஓடுகிறதா என்று கவனியுங்கள். ‘டிக்’ இல்லை என்றால் சோலனாய்டு மேல் மட்டும், மற்ற ஒயர் இணைப்புகளில் ஒழுகாதபடி பிழிந்த ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து வீடு போய்ச் சேரலாம். அந்த ஒயரில் பியூஸ் இருக்க வேண்டும். சாவியை எடுத்தாலும் என்ஜின் நிற்காது, ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும் என்பதை வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பார்த்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி மெக்கானிக் கையில் கொடுங்கள்: எப்படி நின்றது, ‘டிக்’ உண்டா, புகை உண்டா, எத்தனை நிமிடத்தில் எடுத்தது. பம்பைக் கழற்றலாமா என்ற பேச்சு அதைப் படித்த பிறகு வரட்டும்.